கனடாவில் சரியென்றால் பூம்பாறையில் ஏன் தப்பு?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குக் கொடைக்கானல் மலையில் பூம்பாறை. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி, ஆறு வருடமாக டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விடுகிறோம். ஒரே மகன். வயது 20. கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான். போன மாதம் லீவுக்கு வந்தவனின் துணியைத் துவைக்க எடுத்தேன். பேன்ட் பாக்கெட்டில் சின்னப் பொட்டலம் இருந்தது. கஞ்சா. கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டான். ப்ளஸ் ஒன் படிக்கும்போது எங்கள் அறையில் தங்க வந்தவர்கள் கொடுத்துப் பழகியதாம். இப்போது ராத்திரி அது இல்லாமல் தூக்கம் வராதாம்.

"கனடாவில் கவர்மென்டே விற்கிறது. ஜெர்மனியில் வீட்டிலேயே செடி வளர்க்கலாம். நம் நாட்டில் சாமியார்கள் காலங்காலமாக இழுக்கிறார்கள். வெள்ளைக்காரன் சொன்னதால்தான் நாம் தடை போட்டோம். டாஸ்மாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இதைத் தப்பு என்கிறார்கள். சீக்கிரம் இங்கேயும் சட்டம் மாறிவிடும் அம்மா" என்று அடுக்குகிறான். எட்டாவது வரை படித்த எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போலீசில் பிடித்துக் கொடுத்தால்தான் புத்தி வரும் என்கிறார் அவன் அப்பா. "மாமனை மாதிரிதான் ஆவாய்" என்று திட்டவும் செய்கிறார். என் தம்பிக்கு 22 வயதில் புத்தி பிசகியது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு காட்டுப் பக்கம் திரிவான். மதுரைக்கு இரண்டு தடவை கூட்டிப்போய்க் காட்டினோம். நான்கு வருடத்தில் இறந்துவிட்டான்.

என் மகன் சொல்வது நிஜமா? சட்டம் மாறிவிடுமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டவுடன் உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. எப்போது தொடங்கினான், யார் கொடுத்தார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதற்காக என்று நான்கையும் சொல்லிவிட்டான். என்னிடம் வரும் பையன்களில் பலர் இந்த நான்கையும் சொல்லி முடிக்க மூன்று நான்கு முறை வர வேண்டியிருக்கும். அம்மாவிடம் சொல்லலாம் என்கிற நம்பிக்கை அவனுக்கு இன்னும் இருக்கிறது. இனி நீங்கள் எதைச் செய்தாலும் அந்த நம்பிக்கை உடையாமல் செய்யுங்கள். அதனால் போலீஸ் யோசனையை இன்றைக்கே விட்டுவிடும்படி உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அவர் தெரிந்துகொள்வதற்காகச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, கஞ்சா ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்ற கணக்கில் வரும். அதை வைத்திருந்தால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகைத்ததற்கு மட்டும் என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அதே 10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டினால் பத்தாண்டு வரை போகும். 20 கிலோவையும் தாண்டினால் குறைந்தபட்சமே பத்தாண்டு. உங்கள் மகனின் பொட்டலத்துக்கான தண்டனை காகிதத்தில் சின்னதாகத் தெரியலாம். ஆனால் எஃப்.ஐ.ஆர். போட்ட நாளிலிருந்து அது அவன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் விசாரணை வரும்போதெல்லாம் முன்னால் வந்து நிற்கும். அப்பாவே பிடித்துக் கொடுத்த ஒரு பையனை எனக்குத் தெரியும். இருபது நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அப்பாவோடு பேசவில்லை. கஞ்சாவையும் விடவில்லை.

அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் சிறிய அளவு வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். டாக்டரிடம் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று பயந்தே மலையில் பல குடும்பங்கள் வருவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி சொல்வதை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று எங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்தப் பயம் வேண்டாம்.

சரி, அவன் அடுக்கிய வாதங்களுக்கு வருகிறேன். அதில் பல நிஜம். அவனிடம் பேசும்போது அதை ஒப்புக்கொண்டே தொடங்குங்கள். "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று தொடங்கினால் இணையத்தில் நாலு விஷயம் படித்து வைத்திருக்கும் பையன் அந்த நிமிடமே காதை மூடிக்கொள்வான்.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம். சில மாகாணங்களில் அரசுக் கடையிலேயே விற்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் எந்த வயதுக்கு? பெரும்பாலான மாகாணங்களில் 19. கியூபெக் மாகாணம் முதலில் 18 என்று வைத்துவிட்டு, 2020 ஜனவரியில் 21 ஆக உயர்த்தியது. அங்கே போனால் உங்கள் மகனுக்கு இன்றைக்கும் கடையில் கொடுக்க மாட்டார்கள். வயது வராத பிள்ளைக்குக் கஞ்சா கொடுப்பவருக்கு அந்த நாட்டில் 14 ஆண்டு வரை சிறை. அவனுக்கு ப்ளஸ் ஒன்னில் கொடுத்துப் பழக்கினார்களே, அவர்கள் கனடாவிலும் குற்றவாளிகள்தான். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் பெரியவர்கள் வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம், வெளியில் 25 கிராம் வரை வைத்திருக்கலாம். அங்கே உறுப்பினர் சங்கங்கள் மூலம் கஞ்சா கொடுக்கும்போது 18 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு. மாதத்துக்கு 30 கிராமுக்கு மேல் இல்லை, போதைச்சத்தான டி.எச்.சி. 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சட்டத்தைத் தளர்த்திய நாடுகளே இளம் வயதைக் கண்டு தயங்கியிருக்கின்றன. தாய்லாந்து 2022 ஜூனில் கதவை அகலத் திறந்தது. தெருவெல்லாம் கடைகள் முளைத்தன. மூன்றே வருடத்தில், 2025 ஜூனில், மருந்துச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று திரும்ப மூடியது. இதையும் அவனிடம் சொல்லுங்கள்.

வெள்ளைக்காரன் சொல்லித் தடை போட்டோம் என்கிறானே, அந்தக் கதை அவன் நினைப்பதைவிடப் பெரியது. எனக்குப் பிடித்த கதையும்கூட. 1893இல், இந்தியர்கள் கஞ்சாவால் பைத்தியமாகிறார்கள் என்ற பேச்சு பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை போய், அதை விசாரிக்க ஒரு கமிஷன் அமைத்தார்கள். ஏழு பேர், அதில் மூவர் இந்தியர். நாடு முழுக்க 1,193 சாட்சிகளை விசாரித்து, மூவாயிரம் பக்கத்துக்கு மேல் எழுதினார்கள். அளவோடு பயன்படுத்துவதால் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் கெடுதல், முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று முடித்தார்கள். அதாவது அன்றைய வெள்ளைக்காரனின் கமிஷன் தடை வேண்டாம் என்றது. அதற்குப் பின்னும் இங்கே லைசென்ஸ் பெற்ற கடைகளில் கஞ்சா விற்றது. 1961இல் வந்த சர்வதேச ஒப்பந்தம்தான் நிலைமையை மாற்றியது. அதில்கூட இலையை, அதாவது பாங்கை, வெளியே வைக்கும்படி நம் நாடு வாதாடிப் பெற்றது. 1985 சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவும் காயும் உள்ள நுனியைத்தான். நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. வடக்கே பாங்கு விற்பது அதனால்தான். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிக ஆபத்தானவை என்ற பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க 27க்கு 25 என்று வாக்களித்தபோது இந்தியாவும் எடுக்கச் சொல்லியே வாக்களித்தது. கட்டுப்பாடு முழுவதும் போய்விடவில்லை, ஒரு படி இறங்கியது.

ஒரு மனநல மருத்துவனாக அந்தக் கமிஷன் அறிக்கையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது மனநலக் காப்பகங்களைப் பற்றிய பகுதி. 'நோய்க்குக் காரணம்: கஞ்சா' என்று பதிவேடுகளில் எழுதியிருந்தவர்களை ஒவ்வொருவராகத் திரும்ப விசாரித்தார்கள். பல இடங்களில் அந்தக் காரணத்தை எழுதியது டாக்டர் இல்லை, ஆளைப் பிடித்துவந்த போலீஸ்காரர். நன்றாக விசாரித்த பிறகு எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அதைப் படித்தேன். இழுக்கிறான், அதனால்தான் புத்தி கெட்டது என்று உறவினர்கள் சொன்னதும் எழுதிவிடாமல், இழுப்பதற்கு முன்னால் அந்தப் பையன் எப்படி இருந்தான் என்று கேட்கிற பழக்கம் எனக்கு அப்போது வந்தது.

இவ்வளவு ஒப்புக்கொண்ட பிறகும் நான் கவலைப்படுகிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் பாதியில், போகிற போக்கில் எழுதிய வரிதான் காரணம். உங்கள் தம்பி. 22 வயது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொன்னது.

நேரில் பார்க்காத ஒருவருக்கு நோயின் பெயரை நான் வைக்க முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மனச்சிதைவு நோய் தொடங்கும் வயது, தொடங்கும் விதம். அது பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரும். தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கு அந்த வாய்ப்பு நூற்றில் மூன்று நான்கு என்கிற அளவுக்கு ஏறும். 96 பேருக்கு வராது என்பதையும் சேர்த்தே படியுங்கள். அதன் மேல் கஞ்சா சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஸ்வீடனில் ராணுவப் பயிற்சிக்கு வந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்து 1987இல் ஒரு ஆய்வு வெளியானது. 18 வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஆறு மடங்கு. ஐரோப்பாவின் பல ஊர்களில் நடந்து 2019இல் வந்த இன்னொரு ஆய்வில், தினமும் பயன்படுத்துபவர்களுக்கு மனப்பிறழ்வு, அதாவது எது நிஜம் என்று பிரித்தறிய முடியாத நிலை, வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. டி.எச்.சி. அதிகமுள்ள ரகத்தைத் தினமும் பயன்படுத்தியவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. நோய் வரப்போகிறவர்கள்தான் முன்கூட்டியே கஞ்சாவைத் தேடுகிறார்களா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. அதை உங்கள் மகன் கேட்டால், நியாயமான கேள்வி என்று சொல்லுங்கள். அந்த விவாதம் முடியும் வரை, ரத்த உறவில் இந்த நோய் இருக்கிற ஒரு பையன் காத்திருந்து பார்ப்பது அவனுக்கு நல்லதில்லை.

அவன் தொடங்கிய வயதும் எனக்கு உறுத்துகிறது. கஞ்சா நம் தலைக்குள் எப்படி வேலை செய்கிறது என்று அவனுக்குச் சொல்ல எளிதான வழி ஒன்று உண்டு. நம் மூளையே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைத் தேவைக்கேற்பச் சுரந்துகொள்கிறது. 1992இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆனந்தம் என்ற நம் ஊர்ச் சொல்லை எடுத்து 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். பசி, பயம், ஞாபகம், தூக்கம் எல்லாவற்றிலும் அதற்குக் கொஞ்சம் பங்கு. கஞ்சாவின் டி.எச்.சி. அந்தப் பொருள் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதுவும் நீண்ட நேரத்துக்கு. மூளை ஏறக்குறைய 25 வயது வரை தன்னைச் சீரமைத்துக்கொண்டே இருக்கிறது. 16இல் தினமும் அந்த இடத்தை நிரப்புவதும் 40இல் எப்போதாவது நிரப்புவதும் ஒன்றாகாது. எப்போதாவது ஒருமுறை தொட்டவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் கஞ்சாவுக்கு அடிமையாகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் கொஞ்சம் குறைவு. பதின்ம வயதில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர். இல்லாமல் தூக்கம் வராது என்று அவன் சொல்கிறானே, அந்தக் கட்டத்துக்கு அவன் வந்துவிட்டான்.

பரம்பரையாக இழுக்கும் சாமியார் வாதத்தை நான் அதிகம் பேச மாட்டேன். அந்தக் காலத்துப் பயன்பாட்டில் யார், எப்போது, எவ்வளவு என்று ஒரு கட்டு இருந்தது. செடியும் மாறிவிட்டது. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைச் சோதித்ததில் 1995இல் டி.எச்.சி. சராசரியாக 4 சதவீதம், 2014இல் 12 சதவீதம். கனடாக் கடையில் வாங்கினால் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும். உங்கள் மகனின் பாக்கெட்டில் இருந்த பொட்டலத்தில் எதுவும் எழுதியிருக்காது. புகையிலையோடு கலந்து சுருட்டினால் நிகோடின் வேறு சேர்ந்துகொள்ளும். கஞ்சாவை விட முடியவில்லை என்று வந்த பலருக்கு நிஜத்தில் விட முடியாதது புகையிலையாகவும் இருந்திருக்கிறது.

டாஸ்மாக் விஷயத்தில் அவன் கோபம் நியாயமானது. 2019இல் வெளியான தேசிய ஆய்வில், நாட்டில் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள் என்றும், சுமார் 3.1 கோடிப் பேர் பாங்கு, கஞ்சா, சரஸ் (கஞ்சாச் செடியின் பிசின்) ஆகியவற்றில் ஏதோ ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள் என்றும் தெரிந்தது. குடியால் உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடி. கஞ்சா வகைகளால் 72 லட்சம். என் வெளிநோயாளி வரிசையிலும் குடிதான் முன்னால் நிற்கிறது. இந்த மலையில் குடியால் அழிந்த குடும்பங்களின் முகம் எனக்கு மறக்காது. ஆனால் அதே காரணத்தால்தான் கஞ்சாக் கடை வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2003இல் மதுவின் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று கொடைக்கானலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு பொருளின் வருமானத்தில் அரசாங்கம் பழகிவிட்டால், பிறகு அதைக் குறைக்க மனம் வராது. ஒரு தவறு நடந்திருக்கிறது என்பதால் பக்கத்துக் கட்டடத்தில் இரண்டாவது கடையையும் திறக்கலாமா?

என் கருத்து இதுதான். புகைத்ததற்காக யாரையும் சிறைக்கு அனுப்பக் கூடாது. அந்த ஆறு மாதத் தண்டனையை எடுத்துவிட்டு, ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும். மருந்தாக உதவும் இடத்தில் தடுக்கக் கூடாது. கஞ்சாவிலிருந்து பிரித்த ஒரு மருந்தை, குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. விற்றுத்தான் ஆக வேண்டும் என்று ஒரு நாடு முடிவெடுத்தால், உருகுவேயின் வழி எனக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்று படுகிறது. 2013இல் உலகில் முதலில் சட்டம் போட்ட நாடு அது. பெயரைப் பதிவு செய்த உள்ளூர்க்காரருக்கு மட்டும், மருந்துக் கடையில், மாதத்துக்கு 40 கிராம் வரை. விளம்பரம் கிடையாது, டூரிஸ்ட்டுக்குக் கிடையாது. தடை இருந்தும் உங்கள் மகனுக்கு 16 வயதில் கிடைத்ததே, தடையால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. அது வலுவான கேள்வி. ஆனால் சுற்றுலாவை நம்பி வாழும் மலையில் திறந்த கடை வந்தால் முதலில் அதைத் தொடப்போவது யாருடைய பிள்ளைகள் என்று எனக்குத் தெரியும். அதனால் கடை என்றால் வேண்டாம் என்பேன்.

சட்டம் சீக்கிரம் மாறுமா என்று கேட்டீர்கள். உத்தராகண்டில் நார், விதைக்காக டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் இருக்கும் ஹெம்ப் என்ற கஞ்சாச் செடி ரகத்தை வளர்க்க லைசென்ஸ் கொடுக்கிறார்கள். இமாசலப் பிரதேசத்திலும் அந்தப் பேச்சு நடக்கிறது. அதில் போதை கிடையாது. பூண்டு விலை விழும்போதெல்லாம் நம் ஊரிலும் அதைப் பேசுவார்கள். தமிழ்நாட்டில் அந்த அனுமதி இல்லை. கொல்லையில் நாலு செடி வளர்த்தாலும் பத்தாண்டு வரை போகும் குற்றம்தான். உங்கள் மகன் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக்கே அது சட்டபூர்வம் ஆனாலும், அவன் மாமாவின் கதை மாறாது, அவனுடைய நான்கு வருடப் பழக்கமும் மாறாது. நாடு என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு கேள்வி, இந்தப் பையனுக்கு இது நல்லதா என்பது வேறு. அவனிடம் இரண்டாவதைக் கேட்கும்போதெல்லாம் முதலாவதைப் பேசித் தப்பித்துக்கொள்கிறான். வீட்டில் திட்டுபவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

அறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடத்தின் சொந்தக்காரர் தெரிந்தே கஞ்சா பயன்படுத்த அனுமதித்தால், பயன்படுத்தியவருக்கு உரிய தண்டனை அவருக்கும் உண்டு. அந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. "இங்கே பொருள் கிடைக்குமா அண்ணா?" என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சிரித்து மழுப்பாமல் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். வாடகை போனாலும் பரவாயில்லை. 16 வயதுப் பையனுக்கு அதை நீட்டியது உங்கள் வாடகை அறையில்தான். இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. பக்கத்து வீட்டிலும் அந்த வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

இனி அவனிடம் எப்படிப் பேசுவது. எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். பூண்டு கட்டும்போதோ, தோட்டத்துக்குச் சேர்ந்து நடக்கும்போதோ, கைக்கு வேலை இருக்கும்போது பேசுங்கள். முதல் தடவை அப்பா உடன் இருக்க வேண்டாம். கனடா விஷயத்தில் நீ சொன்னதில் பாதி சரி என்று தொடங்குங்கள். அப்புறம் கேளுங்கள். இதை முதலில் பிடித்தபோது எது நன்றாக இருந்தது? இப்போதும் அப்படி இருக்கிறதா? இழுக்காத நாளில் என்ன ஆகிறது? எந்த நினைப்பை மறக்க வேண்டியிருக்கிறது? அவன் பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். தூக்கத்துக்காக என்று தொடங்கும் பையன்களில் பலருக்கு உள்ளே பயமோ மனச்சோர்வோ இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு நல்ல மருத்துவம் இருக்கிறது.

தம்பியின் கதையை அவனுக்கு முழுதாகச் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, முதலில் என்ன மாறியது, நீங்கள் அப்போது எவ்வளவு தவித்தீர்கள் என்று எல்லாவற்றையும். தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்தது, அதனால் நீ இனிப்பில் கவனமாக இரு என்று சொல்வோமே, அதே குரலில் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் அதைச் சாபமாகச் சொல்வதை நிறுத்த வேண்டும். ஒரு மனிதன் நோயில் பட்ட பாட்டைத் திட்டும் வார்த்தையாக்கிவிட்டால், நாளைக்கு இந்தப் பையனுக்குக் காதில் ஏதாவது குரல் கேட்டாலும் அதை உங்களிடம் சொல்ல மாட்டான்.

ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். "உன்னால் முடியும் என்றுதானே சொல்கிறாய், நீயே சோதித்துப் பார்" என்று கேட்டால் ஒத்துக்கொள்ளக்கூடும். நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது, தூக்கம் கெடும், கனவுகள் பயங்கரமாக வரும். முதல் வாரம்தான் கடினம். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த நாட்களில் தூக்கம் வராததைப் பார்த்து, எனக்கு இது இல்லாமல் முடியாது என்று அவன் முடிவுகட்டிவிடுவான். இது போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காபியை மதியத்தோடு நிறுத்தட்டும். பகலில் உடம்பு களைக்க வேலை செய்யட்டும், உங்கள் தோட்டத்தில் அதற்குக் குறை இருக்காது. அவன் பைக் வைத்திருந்தால் இழுத்த நாளில் மலைப்பாதையில் ஓட்டக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காலையில் அடிக்கடி வாந்தி எடுக்கிறானா, அது வெந்நீரில் நெடுநேரம் குளித்தால் மட்டும் குறைகிறதா என்றும் கவனியுங்கள். தினமும் இழுப்பவர்கள் சிலருக்கு வரும் தொந்தரவு அது. நம் குளிரில் வெந்நீர்க் குளியல் யாருக்கும் விசேஷமாகத் தெரியாததால் வருடக்கணக்கில் அல்சர் மாத்திரை சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உடனே அழைத்துவர வேண்டிய அறிகுறிகள் வேறு. யாரோ கவனிக்கிறார்கள், தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற சந்தேகம், தனியாகப் பேசுவது, சிரிப்பது, பழைய நண்பர்களைக் காரணமில்லாமல் விட்டுவிடுவது, குளிக்காமல் இருப்பது, ராத்திரி முழுக்க விழித்திருப்பது, சாக வேண்டும் என்ற பேச்சு. இதில் ஏதாவது தெரிந்தால் ஒரு வாரம் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்கியவர்கள் படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறார்கள். உங்கள் தம்பிக்கு அந்த வாய்ப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை என்று படிக்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. திண்டுக்கல், தேனி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. செலவில்லாமல் பார்ப்பார்கள். மலையை விட்டு இறங்க முடியாத நாளில் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலோ, 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ பேசலாம். இரண்டும் இலவசம். அவனே கோயம்புத்தூரிலிருந்து பேசினாலும் சரி, நீங்கள் பேசினாலும் சரி.

கஞ்சாப் பழக்கத்துக்கென்று நிரூபணமான தனி மாத்திரை எதுவும் இல்லை. பேசித்தான் வெளியே கொண்டுவர வேண்டும், நாளாகும். நடுவில் மறுபடி தொட்டுவிட்டான் என்று தெரிந்தால் எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள். எத்தனை நாள் விட்டிருந்தான் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அவனை அழைத்து வரும்போது, மதுரையில் உங்கள் தம்பிக்கு எழுதிக் கொடுத்த பழைய மருந்துச் சீட்டு ஏதாவது பரணில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அதில் இருக்கும் மருந்தின் பெயரை வைத்து உங்கள் தம்பிக்கு என்ன நோய் என்று பார்த்தார்கள் எனத் தெரிந்துகொள்ளலாம். உங்கள் மகனுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பது அதைப் பொறுத்தும் இருக்கிறது.

அன்புடன்,
மனநல மருத்துவர், கொடைக்கானல்